லாகின் கேட்ட காது மிஷின்

அந்தச் செய்தியைப் படித்தபோது பஸ் வடமாலபேட்டை டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தது. புத்தூரில் ஏறி திருப்பதியில் இறங்கும்வரை எனக்கென்று முக்கால் மணி நேரம் கிடைக்கும். இருபது வருடமாக அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் செய்திகளைத் தவிர நான் வேறொன்றும் படித்ததில்லை. முதலில் மாதப் பத்திரிகை, பிறகு லேபில் பிரிண்ட் எடுத்த தாள்கள், இப்போது போன். பக்கத்து இருக்கைப் பெண்கள் சீரியல் பார்ப்பார்கள். நான் புதிய சிப்பில் எதை மாற்றியிருக்கிறார்கள், எந்த பிரவுசரில் எந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருப்பேன். திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வேலைக்கு இவ்வளவு படிக்கத் தேவையில்லை, பழுதான கேபிளை மாற்றத் தெரிந்தால் போதும். இது ஆசையால் படிப்பது. சித்தூரில் பாலிடெக்னிக் படித்த காலத்தில் பிடித்த ஆசை, நாற்பத்தைந்து வயதிலும் விடவில்லை.

அன்றைய செய்தி சின்னதுதான். காது மிஷின் செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியை அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. 'எங்கள் அற்புதமான பயணத்தின் அடுத்த கட்டம்' என்று அதை ஆரம்பித்தவர் எழுதியிருந்தார். ஏஐ வந்து மனிதக் காதையே மாற்றப்போகிறது என்று அதற்குக் கீழே ஒரு பத்தி. எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரி: பழைய மாடல்களுக்கான செயலியும் சர்வரும் இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படும்.

அந்தப் பழைய மாடல்தான் நகரியில் என் அக்காவின் இரண்டு காதுகளிலும் இருந்தது. வாங்கிக் கொடுத்தவள் நான்.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். பதினாலு வயதிலிருந்து பவர்லூம் ஷெட்டில் இருக்கிறாள். கல்யாணமான பிறகு அவளும் மாமாவும் சேர்ந்து வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாலு தறி ஓட்டுகிறார்கள். பவர்லூம் ஷெட்டுக்குள் போனதில்லை என்றால் அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் அடிக்கிற அடி நெஞ்செலும்பில் தெரியும். நாலு தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பதைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். அதிலேயே முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவளுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனதில் ஆச்சரியம் இல்லை. முதலில் போனது மெல்லிய சத்தங்கள். பிறகு பெண்கள், குழந்தைகள் குரல். கேட்காததை வெளியே சொல்ல மாட்டாள். யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே "ஆமா ஆமா" என்பாள்.

ஒருநாள், குப்பம் ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற அவள் மகள் என்னைப் போனில் கூப்பிட்டு அழுதாள்.

"சித்தி, ஹாஸ்டல்ல எனக்கு மூணு நாளா ஜொரம். அம்மாவுக்கு போன் பண்ணி சொல்றேன், அது 'ஆமா ஆமா, நல்லா துன்னு, நல்லா படி'ன்னு சொல்லிட்டு வெச்சிட்ச்சி. நான் அழுவறது கூட அதுக்குக் கேக்கல சித்தி."

அன்றைக்கே முடிவு செய்தேன். ஊரில் எல்லோரும் போட்டுக்கொள்கிற சாதாரண மிஷின் வேண்டாம், நான் படித்துக்கொண்டிருந்த புதிய வகைதான் அக்காவுக்கு என்று. பட்டாணி அளவுதான் இருக்கும். காதுக்குள் போனால் வெளியே தெரியாது. போனில் உள்ள செயலியே காதைப் பரிசோதித்து, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கவில்லையோ அதை மட்டும் தூக்கிக் கொடுக்கும்.

அது வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை தறிகளை நிறுத்திவிட்டு, ஜன்னலை மூடி, அக்காவை உட்காரவைத்தேன். செயலி ஒவ்வொரு ஒலியாக எழுப்ப, கேட்கும்போதெல்லாம் அவள் திரையைத் தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுவது போல உட்கார்ந்திருந்தாள். பாதி நேரம் விரல் அசையவே இல்லை. சோதனை முடிந்ததும் அவளுடைய காது இரண்டு கோடுகளாகத் திரையில் வந்தது. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. இரண்டும் பாதியிலிருந்து செங்குத்தாக இறங்கின. பிறகு மிஷின் தானே சரிசெய்துகொண்டது.

அக்கா கையைத் தூக்கித் தலையைக் கோதினாள். திடுக்கிட்டுக் கையை இறக்கினாள்.

"இன்னாடி இது, என் வளையலு இவ்ளோ சத்தம் போடுது?"

மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார். அக்கா திரும்பிப் பார்த்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

செயலியில் மூன்று அமைப்புகள் போட்டுக் கொடுத்தேன். வீடு, தறி, கல்யாணம். 'தறி' என்பதைத் தொட்டால் நாடா சத்தத்தை அமுக்கிவிட்டு மனிதக் குரலை மட்டும் எடுத்துக் கொடுக்கும். ஷெட்டுக்குள் நின்று மாமா பின்னாலிருந்து கூப்பிட்டதற்கு அவள் "இன்னா?" என்று திரும்பியதை நான் பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை வருடம் இதையெல்லாம் படித்தோம் என்று பெருமையாக இருந்தது. நான் வழக்கமாக எழுதும் இணைய மன்றத்தில் அந்த மிஷினைப் புகழ்ந்து இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பாராட்டினார்கள்.

டோல்கேட்டில் செய்தியைப் படித்த பிறகும் நான் அக்காவிடம் சொல்லவில்லை. சர்வர் நின்றால் புதிதாக எதையும் மாற்ற முடியாமல் போகலாம், ஏற்கனவே காதில் இருப்பது எங்கே போய்விடும் என்று நினைத்தேன். மிஷினில் உடைவதற்கு என்ன இருக்கிறது? மாதக் கடைசி போயிற்று. அடுத்த மாதம் ஒரு வாரமும் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. நான் நினைத்தது சரி என்றே இருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை மாமா போனிலிருந்து அக்கா கூப்பிட்டாள். கத்திப் பேசினாள். தன் குரலே தனக்குக் கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"என் போனு ராத்திரி தானா இன்னாமோ அப்டேட் ஆச்சாம்டி. காலையில இருந்து மிஷினு லாகின் கேக்குது. போட்டா சுத்திக்கினே கீது."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்காவின் காதில் மிஷின் இல்லை. கம்மல் வைக்கிற டப்பாவில் போட்டு மூடியிருந்தாள். செயலி அவளை வெளியே தள்ளியதும் மிஷின் பெட்டியைப் பிரித்த முதல் நாள் நிலைக்குப் போய்விட்டது. எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுக்குத் தூக்கிக் கொடுத்தது. தட்டு விழுந்தால் தலைக்குள் விழுந்தது. ஷெட்டுக்குள் ஒரு நிமிடம் அதோடு போயிருக்கிறாள், "காதுல ஆணி வெச்சி அடிச்சா மாதிரி இர்ந்திச்சி" என்றாள்.

நான் லாகின் போட்டேன். வட்டம் சுற்றியது. 'ஏதோ தவறாகிவிட்டது, பிறகு முயற்சிக்கவும்.' திரும்பப் போட்டேன். வட்டம் சுற்றியது. கம்பெனியின் இணையதளத்துக்குப் போனால் பழைய முகவரி புதிய கம்பெனியின் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. கடற்கரையில் வெள்ளை முடிக்காரர்கள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். மூலையில் ஒரு பேச்சுப் பெட்டி திறந்தது. என் போன் தமிழில் இருப்பதைத் தெரிந்துகொண்டு தமிழிலேயே பேசியது.

'வணக்கம்! உங்கள் கேட்கும் பயணத்தில் துணை நிற்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்!'

நடந்ததை எழுதினேன்.

'உங்கள் ஏமாற்றத்தை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். உங்கள் உணர்வுகள் செல்லுபடியாகும்.'

என் உணர்வு செல்லுபடியாகுமாம். அதென்ன பழைய நோட்டா? அக்காவின் பரிசோதனை முடிவையாவது கொடுங்கள், அந்த இரண்டு கோடுகள், வேறு மிஷினுக்கு அதை வைத்துக்கொள்கிறோம் என்று எழுதினேன். அந்த வசதி இப்போது இல்லை என்றது. புதிய மாடலை வாங்கப் பரிந்துரைத்தது. அடுத்த வரியிலேயே அது உங்கள் நாட்டில் கிடைக்காது என்றது. பிறகு, இந்த உரையாடல் உதவியாக இருந்ததா என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்களைக் காட்டியது.

நான் ஏதோ முனகியிருக்க வேண்டும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டடி பேசிக்கினு கீற?"

அவளுக்குத் தெரியும்படி வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னேன். "யாரும் இல்லக்கா."

"யாரும் இல்லாததுக்கா இவ்ளோ கோவம்?"

பிறகு என் பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். கம்பெனி கைமாறியபோது ஒன்று வந்திருந்தது, நான் திறக்கவே இல்லை. உங்கள் தகவல்கள் புதிய உரிமையாளருக்குப் பாதுகாப்பாக மாற்றப்படும், அவை எங்கள் ஏஐயை மேம்படுத்த உதவும் என்று இருந்தது. அந்த வரியைத் திரும்ப ஒருமுறை படித்தேன். கண்ணை மூடி உட்கார்ந்து, கேட்காத ஒலிக்கெல்லாம் விரலை அசைக்காமல் அவள் கொடுத்த அந்தக் காது அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. அவளிடம்தான் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மன்றத்தில் போய்ப் பார்த்தேன். என்னைப் போல நிறையப் பேர் புலம்பியிருந்தார்கள். ஒரு தாத்தா, பேரனின் குரலை இனி எப்படிக் கேட்பேன் என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே ஒருவர் பதில் எழுதியிருந்தார்: 'சர்வரை நம்பி வாங்கினால் இதுதான். வாங்குமுன் படிக்காதவர்கள் பிறகு அழுவது வேடிக்கை.'

அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரிந்த தொனி. பழைய பதிவுகளில் தேடிப் பார்த்தேன். அதிக நேரம் ஆகவில்லை. வீடு பெருக்கும் ரோபோ ஒன்றின் கம்பெனி மூடப்பட்டபோது, முழங்கால் வலிக்காரப் பெண் ஒருத்தி இனி குனிந்து பெருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டிருந்தாள். 'துடைப்பத்துக்கு லாகின் கிடையாது அம்மா' என்று எழுதி நான் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருந்தேன். அதற்கு முப்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். கம்பெனியின் மேல் வந்த அருவருப்பு இப்போது என்மேல் வந்ததைவிடப் பெரியது என்று சொல்ல முடியாது.

அதே மன்றத்தில் ஒருவர் வழி சொல்லியிருந்தார். பழைய போனில், நெட்டை அணைத்து, செயலியின் பழைய பதிப்பைப் போட்டால் சில அமைப்புகளை மிஷினுக்குள் எழுதிவிடலாம் என்று. இருபது படிகள். இப்படிப்பட்ட வேலை என்றால் எனக்கு உயிர். அடுத்த ஞாயிறு பழைய போனோடு நகரிக்குப் போனேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். இடது காது மிஷின் எழுந்தது. முழுக்க இல்லை, ஆனாலும் அக்கா போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வலதையும் எடுத்து அதே இருபது படிகளைச் செய்தேன். பதினாறாவது படியில் விளக்கு ஒருமுறை சிவப்பாக மின்னி அணைந்தது. அவ்வளவுதான். சார்ஜ் போட்டேன், அழுத்திப் பிடித்தேன், பெட்டியில் வைத்து எடுத்தேன். வரவில்லை. அரைமணி நேரம் கழித்து இடதும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பி வீறிட்டது. அக்கா அதைப் பிடுங்கித் தரையில் வைத்தாள்.

"வலது செத்துட்ச்சிக்கா. நான்தான் கெடுத்துட்டேன்" என்று எழுதிக் காட்டினேன்.

அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். அக்கா என்மேல் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

"எனக்கு இது வோணும்னு நான் கேட்டனாடி உன்னை? நான் பாட்டுக்கு இர்ந்தேன். கேக்காதது பழகிப் போச்சி எனக்கு. நீதான் வந்து கேக்க வெச்ச. செருப்பு சத்தம், வளையலு சத்தம், என் பொண்ணு மூச்சு வாங்கறதுகூட கேட்டுச்சி எனக்கு போன்ல. இப்ப மறுபடியும் மொதல்ல இருந்து கேக்காத பழகணுமா நான்?"

சொல்லிவிட்டு எழுந்து ஷெட்டுக்குள் போய் நாலு தறிகளையும் ஓட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் ஓட்டமாட்டார்கள். அந்தச் சத்தத்தில் நானும் மாமாவும் ஒன்றும் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது மாமா மெதுவாக ஆரம்பித்தார்.

"சித்தூர்ல ஒருத்தரு கீறாரும்மா. காது டெஸ்ட் பண்ணி மிஷினு வெக்கிறாரு. நம்ம ஊரு தறிக்காரங்கோ பாதி பேரு அவுருகிட்டதான் போறாங்கோ."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீ படிச்சவ. எல்லாம் தெரிஞ்சி ஆசையா வாங்கிக்கினு வந்த. அதுல நான் பூந்து இன்னா சொல்றது?"

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் புத்தூர் வரும்வரை எனக்கு உறுத்திக்கொண்டே வந்தது.

அடுத்த வாரம் லீவு போட்டேன். அக்கா நகரியிலிருந்து வர, புத்தூரில் சேர்ந்துகொண்டு கார்வேட்டிநகரம் வழியாக சித்தூருக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. நான் பேசினாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

அந்த ஆள் ஐம்பது வயதிருப்பார். மாடியில் சின்ன இடம். கண்ணாடி வைத்த ஒரு மர அறை, மேசையில் எங்கள் லேபில் எப்போதோ தூக்கிப் போட்ட வகைக் கம்ப்யூட்டர். அக்காவை அறைக்குள் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சோதித்தார். தெலுங்கில் பேசிக்கொண்டே எங்களுக்காக நடுநடுவே தமிழுக்கு வந்தார். முடிந்ததும் அதே இரண்டு கோடுகளைத் தாளில் பிரிண்ட் எடுத்து என்னிடம் நீட்டவில்லை, அக்காவிடம் நீட்டினார்.

"இது உங்க காதும்மா. வேற யார்கிட்ட போனாலும் இதைக் காட்டினா போதும்."

அக்கா அதை வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் கொடுத்த மிஷின் காதுக்குப் பின்னால் மாட்டுவது. தோல் நிறமென்று சொல்லி யார் தோலிலும் இல்லாத ஒரு நிறம். கீழே கதவு போலத் திறந்து பேட்டரி போட வேண்டும், பக்கத்தில் நகத்தால் திருப்புகிற சின்னச் சக்கரம். ஒயரை மாட்டிக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு ஒயரைக் கழற்றினார். "இப்புடு வினபடுதுந்தா அம்மா?" என்றார். கேட்கிறது என்று அக்கா தலையாட்டினாள். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"இதுக்கு போனு வோணாமா? பாஸ்வேர்டு?"

"எதுக்கும்மா?" என்றார் அவர். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

இந்த மிஷின் அதைவிட நல்லது என்று நான் சொல்லமாட்டேன். இல்லை. கூட்டத்தில் இரைகிறது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் விசிலடிக்கிறது. ஷெட்டுக்குள் போகும்போது அக்கா கழற்றித்தான் வைக்கிறாள். பின்னாலிருந்து மாமா கூப்பிட்டால் இப்போது அவளுக்குக் கேட்பதில்லை. மறுபடியும் கைதட்டியோ விளக்கை அணைத்துப் போட்டோதான் கூப்பிடுகிறார். அந்தப் பட்டாணி செய்த காரியத்தை இது செய்யாது. செய்யத் தெரிந்த ஒன்றை, ஒரு ஷெட்டுக்குள் நாலு தறிக்கு நடுவே ஒரு பெண்ணுக்குத் தன் புருஷன் குரலைக் கொடுத்த ஒன்றை, லாபம் போதாதென்று ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ அணைத்தார்கள். அணைத்துவிட்டு அதற்குப் பயணம் என்று பெயர் வைத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் வாயில் கசக்கிறது. வீட்டிலிருந்து தன் மகளோடு போனில் பேச அக்காவுக்கு இந்த மிஷின் போதும். தினமும் சாயங்காலம் பேசுகிறார்கள். அக்கா என்னோடும் பேச ஆரம்பித்துவிட்டாள், நான் மன்னிப்புக் கேட்காமலேயே.

பஸ்ஸில் நான் இன்னும் செய்தி படிக்கிறேன். படிக்கிற விதம் மாறிவிட்டது. தலைப்பைத் தாண்டி நேராகக் கடைசி வரிக்குப் போகிறேன். எதை நிறுத்துகிறார்கள், யாருடைய தகவல் யாரிடம் போகிறது. அநேகமாக எல்லாச் செய்தியிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது. முன்பும் இருந்திருக்கும்.

போன மாதம் எங்கள் கல்லூரியில் முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு செய்யும் கேமரா வைக்க ஒருவர் வந்தார். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "மேடத்துக்குத்தான் இதெல்லாம் ரொம்ப இஷ்டம், அவங்க பார்த்து கையெழுத்துப் போடட்டும்" என்றார். பிள்ளைகளின் முகமெல்லாம் எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"கிளவுட்ல மேடம். ரொம்ப சேஃப்."

"உங்க கம்பெனியை நாளைக்கு யாராவது வாங்கிட்டா?"

அவர் பிரின்சிபாலைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் ரொம்ப நெகட்டிவா யோசிக்கிறாங்க சார்."

நான் கையெழுத்துப் போடவில்லை. பிரின்சிபால் போட்டுக்கொண்டார். கேமரா இப்போது லேப் வாசலில் இருக்கிறது. தினமும் காலையில் பிள்ளைகள் அதன் முன்னால் வரிசையாக நின்று, தலைமுடியை ஒதுக்கி, முகத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். நான் பின்வாசல் வழியாக வருகிறேன். எனக்கு ஆப்சென்ட் போட்டிருப்பதாகச் சொல்லி ஆபீஸிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தாயிற்று.